தூரத்துப் பறவையும் தொலை லென்ஸும்



"சர்வே பேப்பரில் அரியர் வைத்தவனுக்குக் கட்டுரை ஒரு கேடா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்த அரியருக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் உண்டு.

சங்கரன்கோவிலில் அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா பூக்கட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். புரியாததை வீட்டில் கேட்க ஆளில்லை. தியோடலைட்டின் பாகங்களை மனப்பாடம் செய்து எழுதினேன், போய்விட்டது.

கடந்த தை மாதம், கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஒரு அண்ணனிடம் கேமராவும் 500 மி.மீ. லென்ஸும் இரவல் வாங்கி, நாங்குநேரி பக்கத்துக் கூந்தன்குளத்துக்குப் போனோம். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி போடாத மக்கள்! கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் தலைக்கு மேலே பறந்தன. வெறுங்கண்ணில் தெரிந்த பறவை லென்ஸில் காணோம்! வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் முழுக்க வெறும் வானம்.

ஏன் காணாமல் போகிறது?

36 மி.மீ. அகல சென்சாரில், 50 மி.மீ. லென்ஸ் 100 மீட்டர் தூரத்தில் 72 மீட்டர் அகலத்தைக் காட்டும். 500 மி.மீ. லென்ஸ் காட்டுவது 7.2 மீட்டர் மட்டுமே. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பறவை முக்கால் விநாடிக்குள் அதைக் கடந்துவிடும். பிறகு எங்கே தேடுவது?

அப்போதுதான் பொறி தட்டியது. தியோடலைட் டெலஸ்கோப்பின் முதுகில் சின்னதாக ஒரு குறிபார்க்கும் அமைப்பு இருக்கிறதே, அது எதற்கு? டெலஸ்கோப்பில் தெரியும் பரப்பு குறுகியது. ஆகவே முதலில் வெளியிலிருந்து ரேஞ்சிங் ராடை நோக்கித் திருப்பி, அப்புறம் உள்ளே பார்க்கிறோம். மனப்பாடம் செய்தபோது விளங்காதது பறவையைத் தவறவிட்டதும் விளங்கியது!

செய்முறை

அரையடி அலுமினியப் பட்டையின் முன்முனையில் ஒரு சிறு ஆணி, பின்முனையில் நிமிர்த்தி வைத்த ஒரு வாஷர். இதை ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் பொருத்தினேன். அங்கே மின் தொடர்புப் புள்ளிகள் இருப்பதால் அடித்துண்டு உலோகமாக இருக்கக்கூடாது; பிளாஸ்டிக்கை அரத்தால் ராவிக்கொண்டேன். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, மாடியிலிருந்து கோவில் கோபுரக் கலசத்தை லென்ஸின் நடுவில் நிறுத்தினேன். பிறகு வாஷர் வழியே பார்த்து, ஆணி முனையும் அதே கலசத்தில் படும்படி பட்டையைச் சரிசெய்து இறுக்கினேன். அவ்வளவுதான்!

குறி லென்ஸுக்கு 10 செ.மீ. மேலே இருக்கிறது. 100 மீட்டரில் படத்தின் உயரம் 4.8 மீட்டர் ஆதலால் அது ஒரு பொருட்டல்ல. 5 மீட்டரிலோ உயரம் 24 செ.மீ. மட்டுமே, அங்கே குறி தவறும்.

ரெட் டாட் சைட்

கடையில் கிடைக்கும் இந்தக் கருவியில், பாதி ஒளியை மட்டும் பிரதிபலிக்கும் குழிந்த கண்ணாடியின் குவியத்தில் ஒரு எல்.இ.டி. இருக்கும். அதன் ஒளி இணைக்கதிர்களாகத் திரும்புவதால், சிவப்புப் புள்ளி வெகுதூரத்தில் நிற்பதுபோல் தெரியும். கண் சற்று நகர்ந்தாலும் குறி மாறாது. என் ஆணியில் இந்த வசதி கிடையாது. டப்ளின் நகரத்து டெலஸ்கோப் தயாரிப்பாளர் ஹோவர்ட் கிரப் 1900-இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. துப்பாக்கிக்குப் பயன்பட்டதை, ஒலிம்பஸ் நிறுவனம் 2015-இல் கேமராவில் மாட்டும் ஈஈ-1 கருவியாகக் கொண்டுவந்தது. இதன் ஒளி பறவைமேல் விழாது. லேசர் பாயிண்டரை இதற்குப் பதிலாகப் பயன்படுத்தவே கூடாது, கண்ணைக் கெடுக்கும். லென்ஸைச் சூரியன் பக்கம் திருப்பி வியூஃபைண்டரில் பார்ப்பதும் ஆபத்து.

பயன்படுத்தும்போது இரண்டு கண்களையும் திறந்து வையுங்கள். ஃபோகஸ் நடுப்புள்ளியில் இருக்கட்டும். பறவையோடு சேர்ந்து உடம்பை இடுப்பிலிருந்து திருப்புங்கள்.

மாசி மாதம் மறுபடி போனேன். 40 படங்களில் 11-இல் பறவை இருந்தது, இரண்டு தெளிவு. ஒரு கூழைக்கடாவை அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதையாடா படிக்கிற?" என்றார். "ஆமாப்பா, இதுவும்தான்" என்றேன்.

வரும் பரீட்சையில் சர்வே பேப்பரை மறுபடி எழுதுகிறேன். தியோடலைட் கேள்வி வந்தால், இந்த முறை படம் போட்டு விளக்குவேன்!

- மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு