சுன்னியா என்று கேட்டால்?

கேள்வி: தாராவியில் பிறந்து வளர்ந்தவன் நான். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர் எங்கள் தாத்தா. ஊர்ப் பள்ளிவாசல் பலகையில் ‘சுன்னத் வல் ஜமாஅத்’ என்று எழுதியிருக்கும். இங்கே நண்பர்கள், “நீ சுன்னியா?” என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? இந்தப் பெயர் எப்படி வந்தது?
- வாசகர், தாராவி

பதில்: அடிப்படையில் ஒன்றுதான். ஆனால் கேட்கிறவர் மனதில் வேறு கேள்வி இருக்கக்கூடும்.

‘சுன்னா’ என்றால் அரபியில் பலர் நடந்து பழகிய வழி. முன்னோர் வழக்கத்தை அரபுக் குலத்தார் இஸ்லாத்துக்கு முன்பே அப்படித்தான் சொன்னார்கள். பிறகு அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல், செயல், அங்கீகாரம் மூன்றையும் குறித்தது. சுன்னத் தொழுகையில் வருவதும் இதே சொல்தான். நம் வீடுகளில் சுன்னத் என்றாலே கத்னா (விருத்தசேதனம்) மட்டும் நினைவுக்கு வருவது வேறு விஷயம்! பலகையில் இருப்பதன் முழு வடிவம் ‘அஹ்லுஸ் சுன்னத் வல் ஜமாஅத்’. நபிவழியையும் சமுதாயத்தின் ஒற்றுமையையும் பற்றி நிற்பவர்கள் என்று பொருள்.

632இல் நபிகள் மறைந்ததும் தலைமை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. அபூபக்ர் (ரலி) பொறுப்பேற்றார். அலீ (ரலி) அவர்களுக்கே அந்த உரிமை என்றவர்களின் வழிவந்தவர்கள் ஷியாக்கள். ஆனால் அன்றைக்கே மற்றவர்கள் தங்களைச் சுன்னி என்று அழைத்துக்கொள்ளவில்லை. பின்னர் கொள்கைச் சர்ச்சைகள் எழுந்தன. குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளும்படி 833இல் கலீஃபா மஃமூன் அறிஞர்களை வற்புறுத்தினார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் மறுத்தார்; சிறையும் சவுக்கடியும் கிடைத்தன. இப்படிப்பட்ட சர்ச்சைகளுக்கு நடுவேதான் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பெயர் நிலைத்தது. ஷியாக்களும் நபிவழியை ஏற்பவர்களே. அதை யார் வழியாக அறிவது என்பதில்தான் வேறுபாடு.

சுன்னியா என்ற கேள்வி உங்கள் மும்பையில் கோர்ட் படியும் ஏறியிருக்கிறது. கோஜா என்ற முஸ்லிம் வணிகச் சமூகத்தில் ஒரு பிரிவினர், இஸ்மாயிலி ஷியாக்களின் இமாமான ஆகா கானை எதிர்த்து, “நாங்கள் சுன்னிகள், சமூகச் சொத்தில் அவருக்கு அதிகாரமில்லை” என்று வழக்காடினார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜோசப் அர்னால்டு 1866 நவம்பரில் தீர்ப்பளித்தார்: கோஜாக்கள் ஷியா இஸ்மாயிலிகள். சொத்து வழக்கைத் தீர்க்க, சுன்னி யார், ஷியா யார் என்று ஓர் ஆங்கிலேய நீதிபதி விளக்க வேண்டி வந்தது!

இன்று மும்பையில் “சுன்னியா?” என்றால், பல நேரம் “பரேல்வியா, தேவ்பந்தியா?” என்றே அர்த்தம். தர்கா, மவ்லிது போன்றவற்றில் இவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இரு சாராரும் சுன்னிகள்தான், பெரும்பாலும் ஹனஃபி என்ற மத்ஹபை, அதாவது சட்ட வழியைப், பின்பற்றுபவர்கள்தான். தமிழ்நாட்டிலோ, மத்ஹபுகளைப் பின்பற்றாத தவ்ஹீத் அமைப்பினரிலிருந்து பிரித்துக் காட்டவே ‘சுன்னத் ஜமாஅத்’ என்கிறார்கள். தவ்ஹீத்காரர்களோ நாங்களும் சுன்னாவைத்தானே பின்பற்றுகிறோம் என்பார்கள்.

ஆகவே நண்பரிடம், “எதை வைத்துக் கேட்கிறீர்கள்?” என்று முதலில் கேளுங்கள். காயல்பட்டினத்தவர் பெரும்பாலும் ஷாஃபி, ராவுத்தர்கள் ஹனஃபி. இரண்டும் சுன்னி மத்ஹபுகளே. உங்கள் குடும்பம் எது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.