மரத்துக்கும் வைத்தியம் தெரிஞ்சவங்க வேணும்!
(படிப்போம், தெரிந்துகொள்வோம்)



பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும், "அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" என்று கூட்டங்களில் கேட்கிறீர்கள். படிப்புச் செலவுக்கு உள்கடன் கேட்டு மனுவும் வருகிறது. ஆனால் டீச்சர், நர்சு, கம்ப்யூட்டர் இந்த மூன்றைத் தாண்டி நம்ம பேச்சு போறதில்லை. இந்த இதழில் நாலாவதாக ஒன்றைத் தெரிந்துகொள்வோம். மரங்களை வளர்த்துப் பராமரிக்கும் படிப்பு அது.

"மரம் வெட்ட ஒரு படிப்பா?" என்று சிரிக்க வேண்டாம். எதை வெட்டக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பு.

எதற்காக இது தேவை?

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் தென்னை, மா, பலா என்று பாராமல் பிடுங்கிப் போட்டது. பெரும் புயலை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் சாதாரணக் காற்றிலேயே சில மரங்கள் விழுகின்றனவே, ஏன்? பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேரை அறுத்திருப்பார்கள். அல்லது தூரைச் சுற்றிக் குப்பை கொளுத்தியிருப்பார்கள். கம்பியில் படுதென்று ஒரே பக்கமாகக் கிளையைக் கழித்திருப்பார்கள். மரம் அன்றே சாகாது. பல வருஷம் கழித்து ஒருநாள் விழும். அதுக்குள்ளே காரணம் நமக்கு மறந்துபோகும்.

மூன்று சின்னப் பாடங்கள்

1. நடும்போது: பாலித்தீன் பையில் அதிக நாள் இருந்த கன்றின் வேர், பைக்குள்ளேயே வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும். பையைக் கிழித்து எடுத்து, சுற்றின வேரைப் பிரித்துவிட்டு நட வேண்டும். அப்படியே நட்டால் வேர் பரவாது. பெரிய மரமான பிறகும் பிடிமானம் இருக்காது.

2. கிளை கழிக்கும்போது: கிளை பிறக்கும் இடத்தில், தடித்த மடிப்பு போல ஒரு கழுத்து இருக்கும். அதை ஒட்டி, ஆனால் அதைக் காயப்படுத்தாமல் வெட்ட வேண்டும். கனமான கிளையை மூன்று வெட்டாக எடுக்க வேண்டும். முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுக்கணும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாமல் கிளை விழும். கடைசியாக மிச்சமிருக்கும் முண்டைக் கழுத்து ஓரமாக எடுக்கணும்.

நம்ம தோல் மாதிரி மரத்தின் காயம் பழையபடி ஆறாது. அழுகல் பரவாதபடி மரம் உள்ளேயே சுவர் எழுப்பி, வெளியே புதுக் கட்டையால் மூடிக்கொள்ளும். அமெரிக்க விஞ்ஞானி அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். வெட்டிய இடத்தில் தார் பூசினால் அழுகல் நின்றுவிடாது என்றும் காட்டினார். சரியான இடத்தில் வெட்டுவதுதான் மருந்து.

3. நோய் பார்க்கும்போது: வேப்பமரத்தின் நுனி கருகினால், "பட்டுப்போச்சு" என்று உடனே வெட்டக் கூடாது. நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கு. இப்படிக் கருகிய பல வேம்புகள் திரும்பத் துளிர்த்திருக்கின்றன.

தெரிந்த வேலைக்கு ஏன் படிப்பு?

இதில் பாதி உங்களுக்கே தெரியும். வேப்பங்கொட்டையை ரொம்ப நாள் வைத்திருந்தால் முளைக்காது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நர்சரிகளில் மண் கலந்து பை நிரப்புவதும், களை எடுப்பதும், தண்ணீர் ஊற்றுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் கூலி ஆள் என்றுதான் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது.

கர்நாடகத்தின் துளசி கவுடாவை எடுத்துக்கொள்வோம். அங்கோலா பக்கம் ஹொன்னள்ளி கிராமத்துப் பழங்குடிப் பெண். பள்ளிக்கூடம் போனதில்லை. எந்தத் தாய் மரத்தில் எப்போது விதை எடுக்கணும் என்பது அவருக்கு அத்துப்படி. வனத்துறை நர்சரியில் முப்பது வருஷத்துக்கு மேல் தினக்கூலியாக உழைத்த பிறகுதான் நிரந்தர வேலை கிடைத்தது. 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் காலமானார். நாடு அவரைக் கொண்டாடியது நமக்குப் பெருமை. ஆனால் நம்ம பிள்ளைகளும் முப்பது வருஷம் தினக்கூலியாகக் காத்திருக்கணுமா? கையில் இருக்கும் அறிவோடு ஒரு சான்றிதழும் சேர்ந்தால், "இந்த வேலைக்கு இவ்வளவு" என்று கூலியைப் பேசும் தைரியம் வரும்.

எங்கே படிக்கலாம்?

• பட்டப்படிப்பு: மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் எடுத்த பிள்ளைகள் நான்கு வருட வனவியல் பட்டம் படிக்கலாம். ஆண், பெண் இருபாலரும் சேரலாம். எந்தெந்தப் பாடம் வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதை அந்தந்த வருஷ விண்ணப்ப விளக்கக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

• குறுகியகாலப் பயிற்சி: அதிகம் படிக்காத உறுப்பினர்கள் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். நாற்றங்கால், ஒட்டுக் கட்டுதல், பதியம், கவாத்து போன்றவற்றில் பயிற்சி எப்போது நடக்கும் என்று கேட்டு வையுங்கள்.

படித்தால் என்ன வேலை?

பட்டதாரிகள் வனத்தொழில் பழகுநர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வும், இந்திய வனப்பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வும் எழுதலாம். நர்சரிகள், காகித ஆலைகளின் மரம் வளர்ப்புத் திட்டங்கள், பெரிய வளாகங்கள் ஆகியவற்றிலும் வேலை தேடலாம். பயிற்சி பெற்ற குழுவினர் சேர்ந்து நர்சரி வைக்கலாம், தோப்புகளில் கவாத்து வேலையை ஒப்பந்தமாக எடுக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: சாலையோர, புறம்போக்கு மரங்களை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. இதைப் பரிசீலிக்க 2021-ல் மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன.

"பொம்பளப் பிள்ளை மரம் ஏறணுமா?"

தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான பயம்தான். விதை, நாற்று, நோய் கண்டுபிடித்தல், திட்டமிடுதல் எல்லாம் தரையில் நின்று செய்யும் வேலைகள். ஏறுகிறவர் ஆணானாலும் பெண்ணானாலும் இடுப்புவார், கயிறு, தலைக்கவசம் கட்டாயம் வேணும். கீழே ஒருவர் துணை நிற்க வேண்டும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால், மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் கிளையைத் தொடவே கூடாது.

இன்று வீட்டு ஆம்பளைகள் வெறும் அரிவாளோடுதானே ஏறுகிறார்கள்? அவர்கள் விழுந்தால் குடும்பமே விழுந்துவிடும். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையானவர்கள், வருஷம் 20 ரூபாய்க்கு பிரதம மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் சேரலாம். விபத்தில் உயிர்போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். உங்கள் வங்கிக் கிளையில் இந்த வாரமே கேளுங்கள்.

குழுவில் பேசுவதற்கு:

1. நம் ஊரில் தூரைச் சுற்றி சிமெண்டு போட்ட, ஆணி அடித்த, குப்பை கொளுத்தும் மரங்கள் எத்தனை?
2. நம் குழுக் குடும்பங்களில் மரம் ஏறிப் பிழைப்பவர் யார்? அவருக்குக் காப்பீடு உண்டா?
3. இந்த வருஷம் பிளஸ் டூ எழுதும் பெண்களில் யாருக்கு இந்தப் படிப்பைச் சொல்லலாம்?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பயிற்சி கேட்டு ஒருத்தராகப் போவதைவிட, இருபது பேர் கையெழுத்தோடு போனால் பதில் சீக்கிரம் வரும்.