அட்லாண்டாவிலிருந்து வடக்கே: ஒரு நாள் மலைச்சாலைப் பயணத்துக்கு வழிகாட்டி

அட்லாண்டாவைச் சுற்றி ஓடும் ஐ-285 வளையச் சாலையைத் தாண்டி வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் புளூ ரிட்ஜ் மலைத்தொடர் வந்துவிடும். ஆல்ஃபரெட்டா, கம்மிங், ஜான்ஸ் கிரீக் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் கிட்டம். ஆனால் பலரும் ஒரே நாளில் மூன்று அருவி, இரண்டு ஊர், ஒரு ஆப்பிள் தோட்டம் என்று திட்டம் போட்டுக்கொண்டு போய், வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாளைத் தொலைக்கிறார்கள். பார்க்க வேண்டியது சாலையைத்தான் என்று வைத்துக்கொண்டு, நடுவே இரண்டு மூன்று இடங்களில் மட்டும் இறங்கி நடப்பதே இந்த மலைக்குப் பொருந்தும். போன வழியிலேயே திரும்பாத ஒரு சுற்றுப்பாதையை இங்கே சொல்கிறேன்.

முதலில் நாளைக் குறியுங்கள்

இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் பிற்பாதியிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. நிறம் உச்சியில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கும். அக்டோபர் நடுவில் போகிறவர்கள் உயரமான இடங்களைத் தேடிப் போகலாம். நவம்பரில் போகிறவர்கள் பள்ளத்தாக்கிலேயே இருந்துவிடலாம். அதே நாட்களில்தான் ஹெலன் ஊரில் அக்டோபர்ஃபெஸ்ட்டும் எலிஜேயில் ஆப்பிள் திருவிழாவும் நடக்கின்றன. அக்டோபர் சனிக்கிழமை மதியம் ஹெலனுக்குள் வண்டியை விடாதீர்கள். ஞாயிறு விடிகாலையில் கிளம்புவது எவ்வளவோ மேல்.

கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களைத்தான் நான் சொல்வேன். டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருக்கும், அருவிகளிலும் நீர் நிறைந்திருக்கும். கோடையில் மலை குளுமையாக இருந்தாலும் மதியத்துக்கு மேல் இடிமழை பிடித்துக்கொள்ளும், அதனால் உச்சியைப் பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் இலையற்ற மரங்களுக்கு இடையே மலை மடிப்புகள் முழுவதும் தெரியும். ஆனால் பனி உறைந்தால் உயரமான சாலைகளை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

வண்டி, கைபேசி, கட்டுச்சோறு

பிரேக்கையும் டயரையும் முந்தைய நாளே பாருங்கள். டலோனேகாவில் எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நெடுந்தூரம் காடுதான். கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துவிடுங்கள். ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிப்பதே 2018 முதல் ஜார்ஜியாவில் குற்றம். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அவர்களுடைய உயரத்துக்கு ஏற்ற இருக்கை வேண்டும்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதே நல்லது. மலையூர்களில் சைவ உணவு குறைவு, வார இறுதியில் உணவகங்களில் காத்திருப்பும் அதிகம். புளியோதரையும் ஐஸ் பெட்டியில் தயிர்சாதமும் போதும். வளைவுகளில் குமட்டல் வரும் பிள்ளைகளுக்கு காலையில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். இவை கருங்கரடிகள் வாழும் காடுகள், சாப்பிட்ட மிச்சத்தை ஒரு பருக்கைகூட வெளியே போட்டுவிடக் கூடாது.

ஏறும் வழி

காலை ஆறரைக்குக் கிளம்பி ஜார்ஜியா 400 சாலையில் வடக்கே போனால் எட்டு மணி சுமாருக்கு டலோனேகா. 1820களின் இறுதியில் இங்கே தங்கம் கிடைத்தது. அரசு 1838-இல் இங்கே நாணயச்சாலையே திறந்தது, 1861 வரை அது இயங்கியது. அதே 1838-இல்தான் இந்த மண்ணுக்குரிய செரோக்கி மக்கள் படைபலத்தால் பிடுங்கி எறியப்பட்டு மேற்கே நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். ஊர் நடுவே உள்ள பழைய நீதிமன்றக் கட்டடம் இப்போது தங்க அருங்காட்சியகம். உள்ளே போக நேரமில்லாவிட்டாலும் சதுக்கத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள், வழியில் வரப்போகும் பெயர்களுக்கெல்லாம் பின்னணி இங்கேதான் இருக்கிறது.

ஊரைத் தாண்டி யு.எஸ். 19 சாலையில் வடக்கே சென்றால், ஜார்ஜியா 60 பிரியும் முக்கில் ஒரு கற்குவியல் தெரியும். டிராலிட்டா என்ற செரோக்கிப் பெண்ணின் சமாதி அது என்று சொல்கிறார்கள். கடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இங்கே வலப்பக்கச் சாலையைப் பிடியுங்கள். சற்று தூரத்தில் அது யு.எஸ். 129-உடன் சேர்ந்து மலையேறத் தொடங்கும்.

இனி ஓட்டுவதில் கவனம் வேண்டும். நம் ஊர் மலைப்பாதைகளில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துப் பழகியிருப்போம். இங்கே யாரும் அடிப்பதில்லை, இரட்டை மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் அவரவர் பக்கத்திலேயே போவார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் ஓட்டுகிறார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டமாக வருவார்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் அடுத்த ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

ஏற்றத்தின் முடிவில் நீல்ஸ் கேப் கணவாய். 1930களில் கட்டப்பட்ட கல் கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது. ஜார்ஜியாவில் தொடங்கி மெயின் மாநிலம் வரை 2,200 மைல் சுமாருக்கு நீளும் அப்பலாச்சியன் நடைபாதை இந்தக் கட்டடத்தின் ஊடாகவே போகிறது. அங்கே பழைய காலணிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும், நெடுநடைக்காரர்கள் கழற்றி மாட்டிவிட்டுப் போனவை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் போனால் முதுகில் மூட்டையோடு அவர்களையே பார்க்கலாம். பேச்சுக் கொடுங்கள், மகிழ்ந்து பேசுவார்கள்.

கணவாயைத் தாண்டி இறங்கியதும் வோகல் மாநிலப் பூங்கா. ஏரியைச் சுற்றி ஒரு மைல் சமதளப் பாதை. காலைச் சிற்றுண்டியை இங்கே வைத்துக்கொள்ளலாம். மாநிலப் பூங்காக்களில் எடுக்கும் நிறுத்தச் சீட்டு அன்று முழுவதும் மற்ற மாநிலப் பூங்காக்களிலும் செல்லும். ஆனால் அடுத்து வரும் உச்சியும் அருவிகளும் தேசியக் காட்டுத் துறைக்குச் சொந்தமானவை, அங்கே கட்டணம் தனி.

உச்சியும் இறக்கமும்

வோகலிலிருந்து சற்று வடக்கே போய் ஜார்ஜியா 180-இல் கிழக்கே திரும்புங்கள். பிராஸ்டவுன் பால்டு, 4,784 அடி, மாநிலத்தின் மிக உயர்ந்த இடம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து உச்சிக்கு அரை மைலுக்குச் சற்று அதிகமான தார்ப்பாதை, நல்ல செங்குத்து. நடக்க முடியாதவர்களை ஏற்றிச் செல்லச் சிறு பேருந்து இருக்கிறது. அது ஓடும் நாட்களை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மேலே நின்றால் ஜார்ஜியா, டென்னஸி, வட கரோலினா, தென் கரோலினா என நான்கு மாநிலங்களின் மலைகள் தெரியும். தொலைமலைகள் நீலமாகத் தெரிவதற்கு மரங்கள் வெளிவிடும் ஐசோப்ரீன் என்ற ஆவியே பெரும் காரணம். புளூ ரிட்ஜ் என்ற பெயரே அதனால் வந்ததுதான். இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

திரும்பும்போது 180-இலேயே மேற்கே சில மைல் வந்து, ஜார்ஜியா 348-இல் தெற்கே திரும்புங்கள். ரிச்சர்ட் ரஸ்ஸல் நெடுஞ்சாலை என்று பெயர், சுமார் 14 மைல், கடை இல்லை, வீடு இல்லை. இந்தச் சுற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ஹாக்பென் கேப் கணவாயைக் கடந்ததும் ஒரு பக்கம் முழுவதும் திறந்து பள்ளத்தாக்கு விரியும். காட்சிக்கென்று விட்டிருக்கும் ஒதுங்குமிடங்களில் நிறுத்துங்கள். சாலையோரப் புல்லில் அரை வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டுப் படம் எடுப்பது ஆபத்து.

கீழே ஒரே ஒரு அருவியைத் தேர்ந்தெடுங்கள். நடக்கத் தெம்பிருந்தால் 348 ஓரத்திலேயே உள்ள டியூக்ஸ் கிரீக். போய்வர இரண்டு மைல், திரும்புவது ஏற்றம். இல்லையென்றால் ஹெலன் அருகே ஆனா ரூபி, 153 அடியும் 50 அடியுமாக இரண்டு அருவிகள் பக்கம் பக்கமாக விழும் இடம், அரை மைலுக்கும் குறைவான தார்ப்பாதை. எந்த அருவியிலும் பாறை மேல் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். பாசி படிந்த பாறை வழுக்கி உயிர் போவது இந்த மலைகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

வீடு திரும்ப கிளீவ்லேண்ட், கெயின்ஸ்வில் வழியாக ஐ-985 பிடியுங்கள். இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும், அந்தி நேரத்தில் மான்கள் சாலைக்கு வரும்.

பெற்றோர் உடன் வந்தால்

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் முட்டிவலியை நினைத்துத் திட்டமிடுங்கள். 729 அடி உயர அமிகலோலா அருவியைப் பார்க்க 604 படிகள் என்று கேள்விப்பட்டு அதைக் கைவிட்டிருப்பீர்கள். படியே ஏறாமல், மேற்குப் பக்க நிறுத்துமிடத்திலிருந்து அருவியின் நடுவே உள்ள பாலத்துக்குப் போக சமமான பாதை ஒன்று இருக்கிறது. டலூலா பள்ளத்தாக்கும் அப்படித்தான். ஏறக்குறைய ஆயிரம் அடி ஆழம். 1970-இல் 65 வயது கார்ல் வலெண்டா அதன் குறுக்கே கம்பியில் நடந்து, நடுவில் இரண்டு முறை தலைகீழாக நின்றார். அவர் கடந்த பள்ளத்தை மேல் விளிம்பில் உலாவியபடியே பார்க்கலாம். அடிவாரத்துக்கு இறங்க விரும்பும் இளையவர்கள் பூங்கா திறக்கும்போதே வாசலில் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 100 பேருக்குத்தான் அனுமதி, மழை பெய்தாலும் அணையில் நீர் திறந்தாலும் அதுவும் கிடையாது.

தெற்கே ஒரு மாற்று

வடக்கே பனியோ கூட்டமோ தடுத்தால் தென்மேற்கே இரண்டரை மணி நேரத்தில் பிராவிடன்ஸ் கேன்யன் இருக்கிறது. கொலம்பஸ் வரை ஐ-85, ஐ-185, பிறகு யு.எஸ். 27 வழியாக லம்ப்கின். செம்மண்ணும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக 150 அடி வரை ஆழமுள்ள பள்ளங்கள். இது ஆறு அறுத்த பள்ளத்தாக்கு இல்லை. 1800களில் காட்டை அழித்து, மண்ணைக் காக்காமல் உழுததால் மழைநீர் அரித்தது. அடிப்பகுதி பெரும்பாலும் ஈரமாக இருக்கும், பழைய காலணி போட்டுக்கொண்டு போங்கள். சுவர்களில் ஏறாதீர்கள், மண் இன்னும் சரிகிறது. அலபாமா எல்லை பக்கத்திலேயே இருப்பதால் கைபேசிக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடக்கூடும். பூங்கா மூடுவது ஜார்ஜியா நேரப்படி, அதனால் கையில் ஒரு கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.