உயர்தரத்திற்குப் பின் எங்கே? – சம்பூர்ப் பிள்ளைகளை முன்வைத்து



க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்த மறுநாள் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை கம்பசுக்கு எடுபட்டதா?" எடுபட்டதென்றால் மகிழ்ச்சி, இல்லையென்றால் வீட்டில் மௌனம். அந்த மௌனத்திலேயே எத்தனையோ பிள்ளைகளின் இரண்டு மூன்று ஆண்டுகள் கரைந்து போகின்றன. இந்த வாரம் அதைப் பற்றிச் சற்று ஆழமாகச் சிந்திப்போம். திருகோணமலைப் பட்டணத்திலிருந்து பார்த்தால் கொட்டியாரக் குடாவின் மறுகரையில் இருக்கும் சம்பூரை இதற்கு எடுத்துக்கொள்வோம். எதிர்காலத்தைத் திட்டமிடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஊரை விட நன்கு அறிந்த ஊர் நம் பகுதியில் குறைவு.

2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் அஞ்சிச் சம்பூர் மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். 2007இல் அவர்களுடைய நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுகள் கழிந்தன. 2015இலும் 2016இலுமே காணிகள் பகுதி பகுதியாகத் திரும்பக் கிடைத்தன. ஊரை விட்டு ஓடியபோது தாயின் இடுப்பிலிருந்த குழந்தை முகாமில் அகரம் எழுதி, ஊர் திரும்பிய பின் சாதாரண தரம் எழுதி, இன்று இருபது வயதை எட்டி நிற்கிறது. "இனி என்ன செய்யப் போகிறாய்?" என்று நாம் கேட்பது அந்தப் பிள்ளையைத்தான்.

இன்னொரு வரலாறும் அங்கே உண்டு. அதே சம்பூரில் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைப்பதற்கு 2006 முடிவில் உடன்பாடு கண்டன. 2011இல் கூட்டுக் கம்பனி ஒப்பந்தமும் கைச்சாத்தானது. வேலை வரும் என்றார்கள். பத்து ஆண்டுகள் கழிந்து 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதன் கரியும் புகையும் வராது போனது நல்லதே என்பது எமது எண்ணம். அது வேறு விடயம். நாம் கவனிக்க வேண்டியது, அந்த வேலையை நம்பி எவனாவது தன் படிப்பைத் தள்ளிப் போட்டிருந்தால் அவன் இழந்திருக்கக்கூடிய காலத்தை. இப்போது அங்கே 120 மெகாவாட் சூரிய மின்திட்டம். 2025 ஏப்ரல் 5ஆம் நாள் இரு நாட்டுத் தலைவர்களும் அதைத் தொடக்கி வைத்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் சூரிய மின்நிலையம் கட்டப்படும்போதே பல கைகள் தேவை. ஓடத் தொடங்கிய பின் சிலபேர் போதும். ஆகவே மின்னியல் படிக்க விரும்பும் மகன் அத்தொழிலையே படிக்கட்டும். ஆனால் சம்பூரில் வேலை தருவார்கள் என்பதற்காக அல்ல, கொழும்பிலும் கட்டாரிலும் யாழ்ப்பாணத்திலும் மதிக்கப்படும் தொழில் என்பதற்காக. ஒரே ஒரு வாசலை நம்பிப் பிள்ளையின் படிப்பைத் தெரிவு செய்யாதீர்கள்.

பல்கலைக்கழக வாசலுக்கு வருவோம். நாடு முழுவதிலும் அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடமுண்டு. மற்ற மூவர் மடையர்கள் அல்லர். இடம் இல்லை, அவ்வளவே. மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இடங்கள் பகிரப்படுகின்றன. திருகோணமலை பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. எனவே இங்குள்ள பிள்ளை விஞ்ஞானத்தையோ கணிதத்தையோ துணிந்து எடுத்தால் அதற்குரிய வாய்ப்பு உண்டு. நல்ல ரியூசன் கிடைக்குமென்று பிள்ளையை வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாற்ற எண்ணும் பெற்றோர், மாவட்டக் கணக்கும் மாறிவிடுமா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் முதலில் பாருங்கள்.

உண்மையில் இந்தத் தீர்மானம் உயர்தரத்திற்குப் பின் எடுப்பதன்று. சாதாரண தரம் முடிந்து பாடப்பிரிவு தெரியும் அன்றே பாதி முடிந்துவிடுகிறது. "கலைப்பிரிவு இலகு, ஆசிரியரும் இருக்கிறார்" என்று சேர்ந்த பிள்ளைக்குத் தாதியர் பயிற்சியின் கதவு பின்னர் எளிதில் திறவாது. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டம் படிக்கலாம். அதற்கும் உயிரியல் வேண்டும். 2013இல் தொழில்நுட்பப் பிரிவு உயர்தரத்தில் சேர்க்கப்பட்டது. நம் ஊர்களில் அதைக் கேட்டு விசாரிப்பவர்கள் இன்னும் குறைவு. மகளைக் கிண்ணியா தாண்டி அனுப்பத் தயங்கும் தாய்மார், 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அங்கே பாதைப் படகுக்குக் காத்திருக்கும் காலம் போய்விட்டதை எண்ணிப் பாருங்கள்.

பட்டம் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். 2017இல் கிழக்கு மாகாணத்தின் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்ததை நாம் கண்டோம். படித்தது வீணென்று சொல்லவில்லை. அரச நியமனம் ஒன்றையே குறியாக வைத்துப் படிப்பதன் ஆபத்தைச் சொல்கிறோம்.

இனி, நம் வீடுகளில் "எடுபடாதவன் போகும் இடம்" என்று தாழ்வாகப் பேசப்படும் தொழிற்கல்விக்கு வருவோம். இதை விளங்கிக்கொள்ளாமையே நம் பெரிய குறை. தேசிய தொழில் தகைமை என்னும் என்.வி.கியூ. ஏணிக்கு ஏழு படிகள். முதல் நான்கும் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்திற்குச் சமம். இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானதே இந்த ஏணியில் ஏறிவருவோருக்காகத்தான். ஆக, தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போன பிள்ளைக்குப் பட்டத்தின் கதவு மூடப்படவில்லை. சுற்றிப் போகும் பாதை, ஆனால் கையில் தொழிலோடு போகும் பாதை. திருகோணமலையில் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகமும் உண்டு. உயர்தரம் சித்தியடைந்தோர் அங்கே உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம்.

தந்தையோடு மேசன் வேலைக்கோ வெளியிணைப்பு இயந்திரம் திருத்தவோ போய்த் தொழில் பழகிய பையன்கள் நம்மிடையே அநேகர். வகுப்பில் இராமலே கற்ற அந்தத் தொழிலைப் பரீட்சித்துச் சான்றிதழ் தரும் முறையும் இதே ஏணியில் இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். வெளிநாடு போக எண்ணும் பையன் கடன்பட்டு முகவருக்குக் காசு கட்டுமுன் இந்தச் சான்றிதழைக் கையில் எடுக்கட்டும். கூலியாளாகப் போவதற்கும் தொழிலாளியாகப் போவதற்கும் சம்பளத்தில் உள்ள வேறுபாட்டை, அங்கு போய்வந்த எவரிடமும் கேளுங்கள்.

கடலுக்கும் வயலுக்கும் போவது தோல்வி என்று பிள்ளையிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். கூடாரம் தைத்துப் பிழைத்தவர் புனித பவுல்.

காசு வாங்கும் தனியார் நிலையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வண்ணத் துண்டுப்பிரசுரத்தில் டிப்ளோமா என்று அச்சிட எவராலும் முடியும். நகையை அடகு வைக்குமுன், அந்நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா, நீங்கள் சேரும் அதே பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் எழுந்து வாருங்கள்.

விசாரிக்க யாரிடம் போவது என்கிறீர்களா? பிரதேச செயலகங்களில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தொழில் வழிகாட்டல் அவர்கள் கடமை. சம்பூருக்கு அது மூதூர்ச் செயலகம். பெறுபேற்றுத் தாளையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு பெற்றோரும் போங்கள். அங்கே முதலில் பிள்ளை பேசட்டும்; நீங்கள் பிறகு பேசுங்கள்.