பாதையை இடம் மாற்றலாமா? வசதியுரிமைச் சட்டம் ஓர் அறிமுகம்

நம் நாட்டு வேளாண் நிலங்கள் தலைமுறைதோறும் பாகப்பிரிவினைக்கு உட்பட்டுச் சிறு துண்டுகளாகி வந்துள்ளன. ஒருவர் தம் வயலை அடையப் பிறர் வயலைக் கடந்தாக வேண்டிய நிலை இதன் விளைவேயாகும். உழவு மாடும் டிராக்டரும் விளைபொருளும் செல்ல வழியில்லையேல், நிலம் இருந்தும் பயனில்லை. மறுபுறம், பாதை ஓடும் நிலத்தின் உடைமையாளர் அவ்விடத்தில் கிணறு தோண்டவோ கட்டடம் எழுப்பவோ விரும்பலாம். அந்நிலையில் பாதையை வேறிடத்துக்கு மாற்றலாமா என்னும் வினா எழுகிறது.

உரிமையும் சுமையும்

வழிப் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம் என்று பத்திரங்களில் குறிக்கப்படுபவை சட்ட மொழியில் வசதியுரிமைகள் எனப்படும். ஒரு நிலம் பயன்பெற, மற்றொரு நிலம் சுமை தாங்குகிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம் இதனை ஒழுங்குபடுத்துகிறது. முதலில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1891இல் பம்பாய் மாகாணத்திற்கும் இன்றைய உத்தரப்பிரதேசப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

இவ்வுரிமை பத்திரத்தின் மூலம் வரலாம். வேறு வழியே இல்லாத தேவையால் வரலாம். அல்லது, 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும் இடையறாமலும் உரிமையோடு அனுபவித்து வருவதால் வரலாம். சுமை தாங்குவது அரசு நிலமாயின் 30 ஆண்டுகள் தேவை.

மாற்றும் அதிகாரம் யாருக்கு?

பயன்பெறுபவர் கூடுதல் சுமை ஏற்றாமல் அனுபவ முறையையும் இடத்தையும் மாற்றிக் கொள்ளலாம் என்பது 23ஆம் பிரிவு. ஆயின் வழியுரிமைக்கு அப்பிரிவே விலக்கு அளிக்கிறது. கூடுதல் சுமை இல்லாவிடினும், நடந்து வந்த தடத்தை அவர் விருப்பம்போல் மாற்ற இயலாது.

சுமை தாங்குபவருக்கும் வரம்பு உண்டு. பயன்பெறுபவருக்குக் கேடில்லையெனில், உரிமையைக் குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள் அடக்கிக் கொள்ளுமாறு 22ஆம் பிரிவின்படி அவர் கோரலாம். தேவையால் எழும் வழியைத் தொடக்கத்தில் வகுத்துக் கொடுக்கும் பொறுப்பை 14ஆம் பிரிவு நிலத்தைக் கொடுத்தவரிடமே விடுகிறது; அவ்வழி மற்றவருக்கு நியாயமான வசதியுடையதாக இருத்தல் வேண்டும். ஆனால் நிலைபெற்றுவிட்ட பாதையை அவர் ஒருதலையாக இடம் மாற்ற அதிகாரம் தரும் பிரிவு எதுவும் இச்சட்டத்தில் இல்லை. பாதையைக் குறுக்குவதையும் 27ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே இருவரின் இசைவே நேரிய வழி.

வாய்மொழி இசைவின் ஆபத்து

இங்கேதான் சிறு விவசாயி விழிப்புடன் இருத்தல் வேண்டும். பழைய பாதையில் சுவர் எழுப்ப அவர் வெளிப்படையாக அனுமதித்து, சுவரும் எழுந்துவிட்டால், 38ஆம் பிரிவின்படி அவர் தம் பழைய உரிமையை விட்டுக் கொடுத்தவராகிறார். மாற்றாக வாய்மொழியாகக் காட்டப்பட்ட புதிய பாதையோ வெறும் அனுமதியாகவே கருதப்படக்கூடும். அனுமதியைப் பொதுவாகத் திரும்பப் பெறலாம். நிலம் கைமாறினால், வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது என்கிறது 59ஆம் பிரிவு. நல்லெண்ணத்தில் விட்டுக்கொடுத்தவர் இரு பாதைகளையும் இழக்க நேரிடலாம்.

ஆகவே பழைய பாதையின் முடிவும் புதிய பாதையின் தொடக்கமும் ஒரே பத்திரத்தில் இடம்பெற வேண்டும். அகலம், எல்லை, சர்வே எண், செல்லும் வாகனம், பராமரிப்புச் செலவு ஆகியவற்றை வரைபடத்துடன் குறித்துப் பதிவு செய்தல் பாதுகாப்பானது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்துரிமையை உண்டாக்கும் அல்லது ஒழிக்கும் ஆவணங்களைப் பதிவு செய்வது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயமாகும்.

பிற ஏற்பாடுகள்

இசைவு ஒன்றையே நம்பியிருப்பதிலும் குறையுண்டு. காரணமின்றி ஒருவர் மறுத்தால், நிலத்தின் சிறந்த பயன்பாடு தடைப்படுகிறது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 701ஆம் பிரிவு இதற்கு வழி கண்டுள்ளது. பழைய இடம் கூடுதல் சுமையாகிவிட்டால், அதே அளவு வசதியான வேறிடத்தை நில உடைமையாளர் முன்வைக்கலாம். மற்றவர் மறுக்க இயலாது. அமெரிக்காவில் 2020இல் உருவாக்கப்பட்ட மாதிரிச் சட்டம், நீதிமன்ற ஒப்புதலுடன், மாற்றுபவரின் செலவிலேயே பாதையை மாற்ற இடமளிக்கிறது.

நம் நாட்டில் வருவாய், பாசனச் சட்டங்கள் ஓரளவு துணைநிற்கின்றன. மகாராஷ்டிரத்தின் 1966ஆம் ஆண்டு நில வருவாய்த் தொகுப்புச் சட்டத்தின் 143ஆம் பிரிவு, வயல் வரப்புகளின் மீது வழி கோருவோரின் தேவையை விசாரித்து முடிவு செய்யத் தாசில்தாருக்கு அதிகாரம் தருகிறது. பஞ்சாபில் வயல் வாய்க்கால்களின் தடத்தை மாற்றியமைக்கும் திட்டங்களைப் பாசன அதிகாரிகள் வகுக்கலாம். உத்தரப்பிரதேசத்தில் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிலங்களை ஒருங்கிணைக்கும்போது, 'சக்' எனப்படும் ஒவ்வொரு தொகுதிக்கும் பாதைகள் புதிதாக வகுக்கப்படுகின்றன.

இசைவு என்னும் கொள்கை எளியவருக்கு அரண். அந்த அரணைக் குலைக்காமல், சம வசதியும் முழுச் செலவும் உறுதி செய்யப்பட்ட இடத்தில் மட்டும், நீதிமன்ற மேற்பார்வையில் மாற்றத்திற்கு இடமளிப்பது பற்றிச் சட்டமியற்றுவோர் சிந்திக்கலாம். அதுவரை, பத்திரம் எழுதிப் பதிவு செய்யாமல் பழைய பாதையை விட்டுக்கொடுக்கலாகாது என்பதே விவசாயி மனத்தில் கொள்ள வேண்டிய பாடமாகும்.