வெள்ளம் வடியுங் காலத்திற் கொடுவா பிடித்தல்

பெரும்போக மழை தணிந்து, வயல்வெளிகளில் நின்ற வெள்ளம் வடியத் தொடங்கும் நாட்கள், வாவிக்கரைக் கமக்காரர் கொடுவா மீன் பிடிப்பதற்கு மிகவும் ஏற்றவை. அவுஸ்திரேலியாவின் வடபகுதி ஆறுகளிற் பரமுண்டி என்னும் பெயராற் புகழ்பெற்ற மீனும் இதுவே.

கொடுவா முகத்துவாரத்தை அடுத்த உவர்நீரில் முட்டையிடும். குஞ்சுகள் கண்டற்காடுகளையும் வெள்ளம் பரந்த சதுப்பு நிலங்களையும் நாடிச் சென்று, பின்னர் நன்னீரிலும் வளரும். வளர்ந்தவை இனப்பெருக்கத்தின் பொருட்டு மீண்டும் உவர்நீரை அடையும். ஆதலின் மட்டக்களப்பு வாவி போன்ற இடங்களில், முகத்துவார மணற்றிட்டுத் திறந்து வெள்ளம் கடலோடு கலக்குங் காலம் இம்மீனுக்கு முக்கியமானது.

வெள்ளம் பெருகி நிற்கும்போது மீன்கள் எங்குஞ் சிதறிவிடும். அப்பொழுது தூண்டிலிடுதல் பெரும்பாலும் வீண் முயற்சியே. நீர் குறையும்போது, தாழ்நிலங்களில் வளர்ந்த சிறுமீன்களும் இறால்களும் வடிச்சல் வாய்க்கால் வழியே வெளியேறும். வாய்க்கால் வாவியோடு சேருமிடத்தில், கலங்கல் நீருந் தெளிந்த நீருஞ் சந்திக்கும் எல்லையிற் கொடுவா காத்துக் கிடக்கும். இது இரையை நெடுந்தூரந் துரத்திச் செல்லும் மீனன்று. அமிழ்ந்த மரக்கட்டை, கண்டல் வேர், பாலத்தூண் ஆகியவற்றின் அருகே மறைந்திருந்து, இரையை நீரோடு உறிஞ்சி விழுங்கும். எனவே உயிருள்ள இறாலையோ சிறு மணலை மீனையோ அம்மறைவிடத்தின் ஓரத்திலேயே இடுதல் வேண்டும். நடுவாவியில் எறிந்துவிட்டுக் காத்திருப்பவர் வெறுங்கையுடன் மீளவே இடமுண்டு.

அவ்வாய்க்கால் தம் வயலிலிருந்தே வருகின்றதென்பதைக் கமக்காரர் மறத்தலாகாது. பூச்சிகொல்லி தெளித்தவுடன் வயல்நீரை வடியவிட்டால் முதலில் மடிவன இறாலும் மீன்குஞ்சுமே. இரை ஒழிந்த இடத்திற் கொடுவாவும் தங்காது.

விடியற்காலையும் மாலை மங்கும் நேரமும் நல்ல வேளைகள். குளிர்ந்த நீரில் இம்மீன் மந்தமாயிருக்கும். ஆகவே அடைமழை விட்டு ஓரிரு நாள் வெயிலெறித்தபின் செல்வது நன்று. அவுஸ்திரேலியர் வற்றுப்பெருக்கைப் பார்த்தே தூண்டிலிடுவர். டார்வின் துறைமுகத்தில் அதன் ஏற்றத்தாழ்வு 7 மீற்றருக்கும் மேற்படுவதுண்டு. இலங்கையில் அது 1 மீற்றருக்குங் குறைவாதலால், இங்கு வடிச்சல் நீரின் ஓட்டமே சிறந்த வழிகாட்டி.

கொடுவாவின் செவிள் மூடி கத்திபோற் கூரியது. தங்கூசியையும் விரலையும் அறுக்கும். ஆதலால் முள்ளை அடுத்த பகுதிக்குத் தடித்த தங்கூசியே தகும். முதலை நடமாடும் கரைகளில் முழங்காலளவு நீரிலும் இறங்கலாகாது.

பிடிபட்ட மீனின் அளவே யாவற்றினும் கவனிக்கத்தக்கது. கொடுவாக்களிற் பெரும்பாலானவை முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளின்பின் பெண்ணாக மாறுவன. எனவே ஒரு மீற்றருக்கு மேற்பட்டவை ஏறக்குறைய யாவும் பெண்களே. அத்தகைய ஒன்று இலட்சக்கணக்கான முட்டைகளை இடவல்லது. அதனைக் கொல்வது விதைநெல்லைச் சமைப்பதை ஒக்கும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவற்றோடு, 120 சென்ரிமீற்றரைக் கடந்தவற்றையும் பிடித்து வைத்திருத்தலைத் தடைசெய்துள்ளது. உணவுக்கு இடைத்தர மீனே போதியது. பெரிய மீன் அகப்பட்டால், அதனைச் செவிளிற் பிடித்துத் தூக்காது, ஈரக்கையால் நீரிலேயே தாங்கி, முள்ளைக் கழற்றி, அது தானே நீந்தும்வரை பிடித்திருந்து விடுதல் வேண்டும்.