கதை எழுத வயதாகிவிட்டதா?

கேள்வி: வயது நாற்பத்திரண்டு, படித்தது பத்தாவது. கதை எழுத ஆசை. நோட்டைத் திறந்தாலே ‘நாமெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது’ என்று தோன்றுகிறது. நாளைக்குப் பார்ப்போம் என்றே காலம் போகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார்.
- ஒரு வாசகி, தேனி

பதில்: எழுத்தாளர் கி.ராஜநாராயணன் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. இடைசெவல் கிராமத்தில் விவசாயம் பார்த்தவர், கதை எழுத வந்தது முப்பதைத் தாண்டி. 1991-ல் சாகித்ய அகாதெமி விருது, புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பொறுப்பு எல்லாம் அப்புறம் வந்தவை. படிப்பையும் வயதையும் இனி சாக்குச் சொல்லாதீர்கள்.

நாளைக்கு என்று நீங்கள் தள்ளிப்போடுவது பெரும்பாலும் பயத்தால்தான். முதல் வரியே பிரமாதமாக வரவேண்டும் என்று உட்கார்ந்தால் கை ஓடாது. அதற்கு மருந்து தினசரிப் பழக்கம்தான். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரொலோப் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். விடியற்காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். அப்படித்தான் நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் வந்தன.

நீங்கள் தினம் அந்தக் கால் மணியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் நடந்த ஒரு சண்டையை, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதுபோலவே எழுதுங்கள். அடித்துத் திருத்த வேண்டாம். முடிக்கும்வரை யாரிடமும், முக்கியமாக அந்தச் சிரிக்கிற மனிதரிடம், காட்டவும் வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் படித்துப் பாருங்கள், எந்த வரி தேறும் என்று உங்களுக்கே தெரியும்.